ஆயில் ஏறினா சந்தோஷப்படாதீங்க



ஃபைனல் இயர் மெக்கானிக்கல் பையன் எழுதுறான்னா பிளேஸ்மென்ட் அனுபவமாத்தான் இருக்கும்னு நினைச்சு உள்ளே வந்திருந்தீங்கன்னா, மன்னிச்சுக்கோங்க. இது டிராக்டர் இன்ஜின்ல ஆயில் லெவல் எப்படிப் பார்க்கணும், அதை எப்படிச் சரியா வச்சுக்கணும் என்பதைப் பற்றிய கட்டுரை. உடனே பேக் பட்டனை அழுத்திடாதீங்க. உங்க பைக்குக்கும் இது உதவும். நடுவுல ஒரு சண்டையும் இருக்கு.

முதல்ல ஒரு டிஸ்கிளைமர். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல்ல செகண்ட் லாங்குவேஜ் ஹிந்தி. தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டது பஸ் போர்டைப் பார்த்துத்தான். அதனால இந்தக் கட்டுரையில் நல்ல தமிழும் பேச்சுத் தமிழும் சாம்பார் சாதம் மாதிரி கலந்துதான் வரும். ஆனா இன்ஜின் பாகங்களுக்கான தமிழ் மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைக் காலேஜில் யாரும் சொல்லித் தரலை. கீழ்க்கட்டளையில் எங்க மாமாவோட தண்ணி வண்டியை ஓட்டுற டிரைவர் அண்ணன் சொல்லிக் கொடுத்தது.

முதல் பாடமே காமெடிதான். செகண்ட் இயர் லீவுல ஒருநாள் நான் கெத்தா, "அண்ணே, சம்ப்ல ஆயில் எவ்ளோ இருக்கு?"ன்னு கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சம்ப்ல எதுக்குத் தம்பி ஆயில் ஊத்தணும்? ஜனங்க குடிக்கிற தண்ணியாச்சே?"

நியாயம்தானே? சென்னையில் சம்ப்னா வீட்டு வாசல்ல இருக்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குற பாத்திரத்துக்குப் பட்டறையில் பேரு "சேம்பர்". டிப்ஸ்டிக்குக்குப் பேரு "ஆயில் கேஜு". அதைத் துடைக்கிற துணிக்குப் பேரு "பனியன் வேஸ்ட்". திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிச்சமாகிற துண்டுத் துணி, கிலோ கணக்கில் கடையில் கிடைக்கும். இந்த மூணு வார்த்தை தெரிஞ்சா போதும், எந்த ஷெட்டுக்குள்ளேயும் தைரியமா நுழையலாம்.

கீழ்க்கட்டளையில் டிராக்டருக்கு என்ன வேலை?

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன மேப். கீழ்க்கட்டளை, மடிப்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவுல இருக்கு. பல்லாவரம் நகராட்சியில் இருந்தது, 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானப்போ அதுக்குள்ளே வந்தது. இப்போ மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ ரயிலுக்காகத் தூண் நட்டுக்கிட்டு இருக்காங்க. மாதவரத்தையும் சோழிங்கநல்லூரையும் இணைக்கிற பாதையில் எங்க ஊருக்கும் ஒரு ஸ்டேஷன் உண்டு.

இவ்வளவு சிட்டியான இடத்துல டிராக்டர் எதுக்கு? எங்க ஊருக்கு ஒரு ஏரி இருக்கு. நம்ம பக்கத்து ஏரிகள் எல்லாம் பாசனத்துக்காக உண்டாக்கினவை. ஏரி இருந்தா வயல், வயல் இருந்தா மாடு, அப்புறம் டிராக்டர். வயல் எல்லாம் ப்ளாட் ஆச்சு, ப்ளாட் எல்லாம் அபார்ட்மென்ட் ஆச்சு. டிராக்டர் மட்டும் போகலை. பின்னாடி மாட்டியிருந்த கலப்பையைக் கழட்டி வச்சுட்டு டேங்கரை மாட்டிக்கிச்சு. லாரி திரும்ப முடியாத சந்துக்குள்ளே டிராக்டர் போயிடும். எங்க தெருவுக்கு எல்லாம் தண்ணி வர்றது அப்படித்தான்.

2019 கோடையை நம்ம வயசுக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் கிட்டத்தட்ட வறண்டு போய், ஜூலை மாசம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி கொண்டு வந்தாங்க. அப்போ நான் ஸ்கூல் பையன். மாமா வண்டி ராத்திரி பகல் பார்க்காம ஓடினது ஞாபகம் இருக்கு. ஒரு டேங்கர் தண்ணி கொண்டுபோய் இறக்கிட்டு வர்றதை "ஒரு நடை"ன்னு சொல்வாங்க. நடைக்கு இவ்வளவுன்னுதான் கூலி. வண்டி நின்னா நடை இல்லை, நடை இல்லைன்னா மாமாவுக்கு வருமானம் இல்லை, டிரைவர் அண்ணனுக்கும் பேட்டா இல்லை.

இன்னொரு விஷயம், சென்னைக்கும் டிராக்டருக்கும் உறவு இதோட முடியலை. இந்தியாவின் பெரிய டிராக்டர் கம்பெனிகளில் ஒண்ணான டாஃபே 1960-ல் இந்த ஊரில்தான் தொடங்கியது. டீசல் இன்ஜின் செய்யற சிம்ப்சன் 1840-ல் மெட்ராஸில் ஆரம்பிச்ச கம்பெனி. ரெண்டுமே செம்பியம் பக்கம். ஆயிலோட மூலப்பொருளான பேஸ் ஆயில் மணலி ரிஃபைனரியிலேயே தயாராகுது. நாமதான் டிராக்டர்னா ஏதோ தஞ்சாவூர் சமாச்சாரம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

சரி, கேஜை எப்படிப் பார்க்கணும்?

டிரைவர் அண்ணன் தினமும் காலையில் அஞ்சரை மணிக்கு, வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பார்ப்பார். அவர் செய்யறதை வரிசையா சொல்றேன். ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு.

ஒண்ணு, வண்டி சமதரையில் நிக்கணும். சேம்பர் ஒரு தட்டு மாதிரி. தட்டு சாய்ஞ்சா ஒரு பக்கம் அதிகமா தெரியும், இன்னொரு பக்கம் குறைவா தெரியும். தண்ணியோட டேங்கர் மாட்டியிருந்தா பின்பக்கம் பாரம் அழுத்தி வண்டியே கொஞ்சம் சாயும். அதனால ராத்திரியே டேங்கரைக் கழட்டிட்டு, டிராக்டரை ஷெட்டுல சிமெண்ட் தரை போட்ட அதே இடத்துல தினமும் நிறுத்துவார். மெட்ராலஜி கிளாஸ்ல ரிப்பீட்டபிலிட்டின்னு ஒரு வார்த்தை படிச்சோமே, அது இதுதான்.

ரெண்டு, இன்ஜின் அணைஞ்சு நேரம் ஆகியிருக்கணும். ஓடுறப்போ ஆயில் மேலே ராக்கர் ஆர்ம் வரைக்கும் போயிருக்கும். அது எல்லாம் வழிஞ்சு கீழே வர டைம் வேணும். பகல்ல பார்க்க வேண்டி வந்தா கால் மணி நேரமாவது விடுவார். ராத்திரி முழுக்க நின்ன வண்டின்னா கவலையே இல்லை.

மூணு, கேஜை உருவி, பனியன் வேஸ்ட்டால் சுத்தமா துடைச்சு, திரும்ப முழுசா உள்ளே விட்டு, அப்புறம் எடுத்துப் பார்க்கணும். முதல் தடவை எடுக்கிறப்போ கம்பி முழுக்க ஆயில் தெறிச்சிருக்கும், அந்த ரீடிங் செல்லாது. கேஜைச் சுத்தியும் முன்கூட்டியே துடைச்சிடணும். இல்லைன்னா ரோட்டுப் புழுதி நேரா இன்ஜினுக்குள்ளே போகும்.

நாலு, கேஜில் ரெண்டு கோடு இருக்கும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவுல ஆயில் நிக்கணும். மேல்கோட்டுக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. குறைஞ்சா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, ஆயில் இறங்க நேரம் விட்டு, திரும்பப் பார்த்து, திரும்ப ஊத்தணும். மொத்தமா கவுக்கக் கூடாது.

அஞ்சு, எந்த ஆயில்? மேனுவலில் போட்டிருக்கிறதுதான். டப்பாவில் 15டபிள்யூ-40ன்னு இருக்கும். டபிள்யூன்னா வின்ட்டர். முதல் எண் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்லும், ரெண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியா இருக்கும்னு சொல்லும். அதோட ஏ.பி.ஐ. கிரேடும் பார்க்கணும். சி-ன்னு ஆரம்பிச்சா டீசலுக்கு, எஸ்-ன்னு ஆரம்பிச்சா பெட்ரோலுக்கு.

சிலர் கேஜைப் பார்த்துட்டு "ஆயில் கறுத்துப் போச்சு"ன்னு பயப்படுவாங்க. டீசல் இன்ஜின்ல மாத்தின கொஞ்ச நேரத்திலேயே ஆயில் கறுத்துடும். அதுல இருக்கிற டிஸ்பர்சன்ட் கரியைப் பிடிச்சுத் தன்னோட வச்சுக்குது, அதான் அதோட வேலை. பயப்பட வேண்டிய நிறம் வேற. பால் டீ மாதிரி வெளுத்து, நுரை கட்டியிருந்தா உள்ளே தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். கேஸ்கெட்டையோ சிலிண்டர் ஹெட்டையோ சந்தேகப்படணும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கியர், ஹைட்ராலிக் ஆயிலுக்குத் தனியா ஒரு லெவல் இருக்கும். பழைய வண்டியில் ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும், அதுலயும் ஆயில், அதுக்கும் ஒரு கோடு. மூணும் வேற வேற. ஒண்ணைப் பார்த்துட்டு மூணையும் பார்த்ததா நினைச்சுக்கக் கூடாது.

குறைஞ்சா என்ன, கூடினா என்ன?

குறைஞ்சா ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். இருக்கிற கொஞ்ச ஆயிலே திரும்பத் திரும்பச் சுத்தி சூடாகும். மேட்டுல ஏறுறப்போ சேம்பர்ல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி, பம்ப் காத்தை உறிஞ்சும். அந்த நேரத்துல கிராங்க் பேரிங்குக்கு ஆயில் கிடைக்காது. டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரியுமேன்னு நினைக்காதீங்க. அது லெவல் லைட் இல்லை, பிரஷர் லைட். பிரஷர் போன பிறகுதான் எரியும்.

கூடினா? "ஆயில்தானே, நாலு சொட்டு அதிகமா இருந்தா என்ன?" இதை நம்ம வீட்டுல நிறைய பேர் சொல்வாங்க. லெவல் ரொம்ப ஏறினா சுத்துற கிராங்க் ஆயிலை அடிக்க ஆரம்பிக்கும். தயிர் கடையற மாதிரிதான். நுரை வரும். நுரைன்னா பாதி காத்து. பம்ப் அந்த நுரையைத்தான் பேரிங்குக்கு அனுப்பும். அப்போ சேம்பர் நிறைய ஆயில் இருந்தும் பேரிங் பட்டினி கிடக்கும். உள்ளே பிரஷர் ஏறி சீல் வழியா ஒழுகும். மோசமான நிலையில ஆயில் காத்தோட சேர்ந்து சிலிண்டருக்குள்ளே போய், டீசல் இன்ஜின் தன்னோட ஆயிலையே எரிச்சு ஓட ஆரம்பிச்சுடும். அதுக்கு ரன் அவேன்னு பேரு. டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் நிக்காது, ஏன்னா அது இப்போ ஓடுறது டீசல்ல இல்லை.

இதுக்குப் பின்னாடி இருக்கிற சயின்ஸ் நம்ம சிலபஸ்லயே இருக்கு. பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கைத் திறந்து, ஜர்னல் பேரிங் பக்கத்துல சாமர்ஃபெல்ட் நம்பர் தேடி, மார்க் வாங்கிட்டு மூடி வச்சோமே, அதே பக்கம். அதோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1883-ல் இங்கிலாந்துல பீச்சம் டவர்னு ஒரு இன்ஜினியர் ரயில் அச்சுக்கான பேரிங்கைச் சோதிச்சுக்கிட்டு இருந்தார். ஆயில் விடறதுக்காகப் பேரிங் மேலே ஒரு ஓட்டை போட்டார். அதுக்குள்ளே ஆயில் போகறதுக்குப் பதிலா அதிலிருந்து ஆயில் வெளியே வந்துச்சு! தக்கை வச்சு அடைச்சார், தூக்கி எறிஞ்சுது. மரக்கட்டை வச்சு அடைச்சார், அதையும் மெல்லத் தள்ளிடுச்சு. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தா, பேரிங் மேல இருந்த சராசரி அழுத்தத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல காட்டிச்சு. சுத்துற அச்சே ஆயிலை இடுக்குக்குள்ளே இழுத்துப்போய், அந்த அழுத்தத்தால தன்னைத் தானே தூக்கி வச்சுக்குது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதுக்குச் சமன்பாடு எழுதினார்.

அந்தச் சமன்பாட்டுல முக்கியமான ஒரு எழுத்து விஸ்காசிட்டி. ஆயில் நீர்த்துப்போனா அந்தப் படலம் மெலிஞ்சுடும். ஒரு கட்டத்துக்கு மேல இரும்பும் இரும்பும் உரசும். கேஜ்ல தெரியற கோடு அளவைத்தான் சொல்லும். தரத்தைச் சொல்லாது. இதை மனசுல வச்சுக்கிட்டு சண்டைக்கு வாங்க.

மே மாதச் சண்டை

போன மே மாசம். நல்ல வெயில். எங்க பக்கத்துல போர் எல்லாம் காத்துதான் வருது. காலையில் ஆறு மணிக்கு மூணு நடை புக்கிங். முதல் நடை பன்னிரண்டு வீடு இருக்கிற ஒரு அபார்ட்மென்ட்டுக்கு. அவங்க சம்ப் முந்தின நாள் ராத்திரியே காலி. செக்ரட்டரி அஞ்சு மணியிலிருந்தே மாமாவுக்கு போன் பண்ணிக்கிட்டு இருக்கார். நான் டீ வாங்கிக்கிட்டு ஷெட்டுக்குப் போறேன், அங்கே டிரைவர் அண்ணன் கேஜைக் கையில பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கிறார்.

"இன்னா தம்பி இது, ஆயில் ஏறியிருக்குது."

மேல்கோட்டைத் தாண்டி விரல்கடை அளவு மேலே நிக்குது. மாமா எட்டிப் பார்த்துட்டு, "அட, நல்லதுதானே. இந்த மாசம் ஆயில் செலவு மிச்சம். வண்டியை எடுண்ணே, போன் மேல போன் வருது" என்றார்.

"யாரும் ஊத்தல முதலாளி. ஊத்தாம எப்படி ஏறும்?"

கேள்வி அவ்வளவுதான். மூணு வருஷம் தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்னு படிச்ச எனக்கு அதுல மாஸ் பேலன்ஸ் தெரிஞ்சுது. உள்ளே போனது கழித்தல் வெளியே வந்தது. லெவல் ஏறியிருக்குன்னா ஏதோ ஒண்ணு உள்ளே வருது.

அப்போ அண்ணன் சுவத்துல மாட்டியிருந்த மாசக் காலண்டரைக் காட்டினார். ஒரு மளிகைக் கடையில் கொடுத்த முருகன் காலண்டர். ஆயில் ஊத்தற நாளுக்கு எல்லாம் பென்சிலில் ஒரு கோடு போட்டு வச்சிருக்கார். பழைய இன்ஜின், கொஞ்சம் ஆயில் குடிக்கும். பத்து நாளைக்கு ஒரு தடவை கால் லிட்டர் ஊத்துவார். பிப்ரவரி, மார்ச் எல்லாம் ஒழுங்கா கோடு இருக்கு. ஏப்ரல் நடுவுக்கு அப்புறம் கோடே இல்லை.

"மூணு வாரமா குடிக்கல தம்பி. அப்பவே மனசுக்குச் சரியா படல. கெழட்டு இஞ்சினு திடீர்னு எப்படித் திருந்தும்?"

நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து நாளைக்கு 250 மில்லி ஆயில் குறையுது, அதாவது நாளைக்கு 25 மில்லி. அதே வேகத்துல வேற ஏதோ உள்ளே வந்தா கேஜ்ல லெவல் அசையாது. பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரியும். இருபது நாள்ல அரை லிட்டர். எங்க வண்டி சேம்பர் சுமார் 7 லிட்டர். நூத்துக்கு ஏழு பங்கு ஆயில் இல்லாத வேற ஏதோ. லெவல் ஏறினதுன்னா அந்தக் கசிவு இன்னும் பெருசாயிடுச்சுன்னு அர்த்தம்.

அண்ணன் கேஜ் நுனியை மோந்து பார்த்து எங்கிட்ட நீட்டினார். டீசல் வாசனை. ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சா வழவழப்பே இல்லை, தண்ணி மாதிரி. ஒரு சொட்டை நியூஸ்பேப்பர் மேல விட்டார். நடுவுல கறுப்பு வட்டம், அதைச் சுத்தி வெளிறின வளையம் ஒண்ணு மெல்லப் பரவிக்கிட்டே போச்சு. அந்த வளையம்தான் டீசல்.

மாமா கெட்டவர் இல்லை. வண்டிக்கு டியூ இருக்கு, அத்தைக்கு மருந்துச் செலவு இருக்கு. பன்னிரண்டு வீட்டுல குழந்தைங்க, வயசானவங்க எல்லாம் காலையிலே தண்ணி இல்லாம இருக்காங்க. "இந்த ஒரு நடை முடிச்சுட்டு வந்து பார்த்துக்கலாம்ணே. மூணு கிலோமீட்டர்தானே" என்றார். அது பேராசை இல்லை. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பாங்க.

டிரைவர் அண்ணன் சாவியை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு, டேங்கர் சக்கரத்து மேல உட்கார்ந்துட்டார். "பேரிங் போச்சுன்னா கிராங்கும் போவும் முதலாளி. ஒரு நடைக்கு ஆசப்பட்டா ஒரு மாசம் நிக்கணும். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன். நீங்க வேற ஆள வச்சு எடுத்தாலும் சரி, நான் எடுக்க மாட்டேன்."

அன்னிக்கு அவருக்கும் பேட்டா இல்லைன்னு தெரிஞ்சே சொன்னார். அஞ்சு நிமிஷம் யாரும் பேசலை. டீ ஆறிப் போச்சு. அப்புறம் மாமா கோவிலம்பாக்கத்துல இருக்கிற இன்னொரு வண்டிக்காரருக்கு போன் போட்டார். மூணு நடையும் அவருக்குப் போச்சு. அன்னிக்கு மாமாவுக்குக் கிடைச்சது செக்ரட்டரியோட திட்டு மட்டும்தான்.

மெக்கானிக் வந்து கழட்டிப் பார்த்தப்போ, அண்ணன் சந்தேகப்பட்ட இடமேதான். டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜெக்‌ஷன் பம்புக்கு அனுப்புற சின்ன ஃபீட் பம்ப். அதை இன்ஜின் கேம் ஷாஃப்ட் ஓட்டுது. டீசலுக்கும் இன்ஜின் உள்பக்கத்துக்கும் நடுவுல ரப்பர் மாதிரி ஒரு மெல்லிய டயாஃப்ரம்தான் தடுப்பு. வயசாகி அதுல வெடிப்பு விட்டிருந்துச்சு. பழைய டீசல் இன்ஜின்கள் பலதுல இந்த அமைப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு துளி டீசல் வெளியே தெரியாம சேம்பருக்குள்ளே இறங்கிக்கிட்டே இருந்திருக்கு.

பம்ப், புது ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள்ளே முடிஞ்சுது. கிராங்க் போயிருந்தா 50,000-ஐத் தாண்டியிருக்கும்னு மெக்கானிக் சொன்னார். மாமா ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் அண்ணனுக்கு அன்னிக்குப் பேட்டாவை மட்டும் கையில் கொடுத்தார். அவர் எண்ணிப் பார்க்காம பாக்கெட்டில் வச்சுக்கிட்டார்.

காலண்டரிலிருந்து ப்ராஜெக்ட்

எங்க டீம் அப்போதான் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டு இருந்துச்சு. எங்கே பார்த்தாலும் ஐ.ஓ.டி. சென்சார். லெவல் குறைஞ்சா போனுக்கு மெசேஜ் வரும், அவ்வளவுதான். மாமா வண்டிக்கு அந்த மாதிரி ஒண்ணை மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மூணு வாரமும் "ஆல் ஓகே"ன்னு பச்சை லைட் காட்டியிருக்கும். குறையவே இல்லையே!

அதனால நாங்க செய்யறது வேற. தினமும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங். அதோட எப்போ எவ்வளவு ஊத்தினாங்கன்னு ஒரு பதிவு. அந்த வண்டி வழக்கமா எவ்வளவு குடிக்கும்னு முதல்ல கத்துக்கும். அதைவிட அதிகமா குறைஞ்சாலும் சொல்லும், குறைய வேண்டியது குறையாம இருந்தாலும் சொல்லும். ஃபர்ஸ்ட் ரிவ்யூவில் "இதுல நாவல்ட்டி என்ன?"ன்னு கேட்டாங்க. முருகன் காலண்டர் போட்டோவை ஸ்லைடில் காட்டினோம். பேனல்ல ஒரு மேடம் சிரிச்சுட்டாங்க, ஆனா குறிச்சும் வச்சுக்கிட்டாங்க.

இன்னொரு பிரச்சினையும் அதுல வந்துச்சு. ஆயிலை எப்போ மாத்தணும்? கார், பைக்னா கிலோமீட்டர். டிராக்டருக்கு ஓடின மணி நேரம். பல மாடல்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு மேனுவலில் இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். ஏன் மணி நேரம்? எங்க வண்டி மேல்தொட்டிக்குத் தண்ணி ஏத்தறப்போ பி.டி.ஓ.வில் பம்பை ஓட்டிக்கிட்டு ஒரே இடத்துல நிக்கும். கிலோமீட்டர் பூஜ்யம், ஆனா இன்ஜின் முழு வேலை பார்க்குது. பழைய வண்டிகளில் இருக்கிற மெக்கானிக்கல் மணி மீட்டர்ல ஒரு சுவாரஸ்யம் உண்டு. அது உண்மையில இன்ஜின் சுத்தின சுத்தைத்தான் எண்ணுது. குறிப்பிட்ட ஆர்.பி.எம்.ல ஓடினாத்தான் அதோட ஒரு மணி நேரம் நம்ம கடிகாரத்தோட ஒரு மணி நேரம். ஐட்லிங்ல நின்னா அது மெதுவாத்தான் நகரும். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுல டிராஃபிக்ல ஊர்ந்துக்கிட்டு இருக்கிற வண்டிக்கு, மீட்டரை மட்டும் நம்பினா கணக்கு தவறும். அண்ணன் அதையும் சேர்த்துத்தான் கொஞ்சம் முன்கூட்டியே மாத்திடுவார்.

உங்களுக்கு மூணு வேலை

பைக் வச்சிருக்கிறவங்க நாளைக்குக் காலையில் காலேஜ் கிளம்பறதுக்கு முன்னாடி, மெயின் ஸ்டாண்டில் நேரா நிறுத்தி ஆயில் பாருங்க. சைடு ஸ்டாண்டில் பார்த்தா தப்பான ரீடிங்தான் வரும். கேஜை மரை திருகிப் பார்க்கணுமா, திருகாம சும்மா உள்ளே வச்சு எடுக்கணுமான்னு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் ஒரு வரியில் போட்டிருப்பாங்க. சில பைக்கில் கேஜே இருக்காது, பக்கவாட்டுல சின்னக் கண்ணாடி வழியா பார்க்கணும்.

ரெண்டாவது, ஊத்தின தேதியையும் அளவையும் எங்கேயாவது எழுதி வைங்க. போன்ல நோட்ஸ் போதும். ஒரு நாள் ரீடிங் ஒண்ணும் பெருசா சொல்லாது. ரெண்டு மாசத்து ரீடிங் உங்க இன்ஜினோட குணத்தையே சொல்லிடும்.

மூணாவது, மாத்தின பழைய ஆயிலை சாக்கடையில் ஊத்தாதீங்க. எங்க ஊர்க் கதையையே பாருங்க. கீழ்க்கட்டளை ஏரி நிறைஞ்சா நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது. அரசு விதிப்படி கழிவு ஆயில் அபாயகரமான கழிவு. பட்டறையில் அதுக்குன்னு பேரல் வச்சிருப்பாங்க, எடுக்கறவங்களும் வருவாங்க. ஒரு கேன்ல பிடிச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தா வாங்கிக்குவாங்க.

எங்க ப்ராஜெக்ட்டோட செகண்ட் ரிவ்யூ அடுத்த மாசம். சென்சார் ரீடிங்கும் அண்ணனோட பென்சில் கோடும் இதுவரைக்கும் ஒத்துப் போகுது. உங்க ஊர்ல பழைய டிராக்டரோ, பவர் டில்லரோ, ஜெனரேட்டரோ இருந்து, யாராவது இப்படிக் கோடு போட்டு வச்சிருந்தா, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எங்களுக்கு டேட்டா வேணும்.